கழற்றி வைத்த சாமான்கள்

முப்பத்திரண்டு வருடம் ஒரு பொருளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட மனிதரிடம், அதைத் திருப்பிக் கேட்க ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும் என்று காஜா நவாஸுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அதுவும் இருபது விநாடிகூட இல்லை. "இமானு, ஊரோட வந்துட்டேன். நாளைக்கு ஃபஸீலா கார்ல வரும். எக்கோ மெஷினைக் குடுத்து விட்டுரு. வேற ஒண்ணுமில்ல." அவ்வளவுதான். உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டுக்காரி ஜெயசுதா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த "வேற ஒண்ணுமில்ல"தான் இமானுவேலுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று தடவை போட்டுக் கேட்டார். மூன்று தடவையும் தைத்தது.

தங்கச்சிமடத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் அவருடைய ரிப்பேர் கடை. ஒரு காலத்தில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருமாக நிறைந்து கிடந்த இடம். இப்போது வருவதெல்லாம் மிக்சி, ஃபேன், விசைப்படகுக்காரர்களின் வயர்லெஸ் செட். அறுபத்தொரு வயதில் ஊரில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்ததென்றால் அது கோயில் திருவிழாவின் பத்து நாளில்தான். பாட்டுக் குழுவில் கிடார் அவருடையது. மாதா பாட்டுக்கு அவர் கம்பியைத் தொட்டால், கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்கள்கூட ஒரு நிமிடம் கையை நிறுத்துவார்கள். அதில் பாதிப் பெருமை மெஷினுக்குச் சேர வேண்டியது. இதை அவரே ஒத்துக்கொள்வார்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு செருப்புப் பெட்டியை அடுக்கிய அளவு. உள்ளே ஒரு சிறிய டேப், முனையோடு முனை ஒட்டி வளையமாக்கியது, ஓயாமல் சுற்றும். ஒரு ஹெட் கிடாரின் சத்தத்தை அதில் பதியும். பக்கத்தில் இருக்கும் மூன்று ஹெட்டுகள் அதை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிச் சொல்லும். இன்னொன்று எல்லாவற்றையும் அழித்து, டேப்பை மறுபடி வெறும் டேப்பாக்கி அனுப்பும். திருப்பிச் சொல்லும்போது சத்தம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் அசையும். அந்த அசைவுக்காகத்தான் இவ்வளவு பாடு. போனிலேயே எக்கோ வருகிறதே என்று கேட்கிறவர்களிடம் இமானுவேல் வாதாடுவதில்லை. பேச்சை மாற்றிவிடுவார்.

மெஷின் நவாஸுடையது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் எண்பத்துமூன்றில் ஜப்பானில் வாங்கிவந்தது. அப்போது கீழக்கரையில் 'நீலக்கடல் இன்னிசைக் குழு' என்று ஒன்று இருந்தது. தர்கா கந்தூரிக்கும் வாசிப்பார்கள், கல்யாணத்துக்கும் வாசிப்பார்கள், திருவிழாவுக்கும் வாசிப்பார்கள். நவாஸ் கிடார். இமானுவேல் மைக் செட். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே இமானுவேலுக்குக் கிடார் வந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டில் குழு உடைந்தது. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் போகும்போது, நவாஸ் மெஷினைக் கொண்டுவந்து இமானுவேலின் மேசையில் வைத்தார்.

"இது அமானிதம், இமானு. நீ வச்சு வாசி. நான் கேக்கும்போது குடு."

நம்பி ஒப்படைத்த பொருளுக்குக் கீழக்கரையில் அந்தப் பெயர். குறையில்லாமல் திருப்பித் தருவது கடமை, மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு என்று நவாஸ் விளக்கினார். இமானுவேல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சரி என்றார். அன்றைக்கு அவர் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை தொண்ணூற்றிரண்டிலேயே முடிந்திருக்கும்.

சுற்றிலும் கடல் உள்ள தீவில் ஒரு டேப் மெஷினை உயிரோடு வைத்திருப்பது லேசான காரியமல்ல. உப்புக் காற்று ஸ்க்ரூவைத் தின்னும், ஒயரில் பச்சைக் களிம்பு ஏற்றும். திங்கட்கிழமைதோறும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டுகளைத் துடைப்பார். டேப் தேய்ந்தால் புது வளையம் ஒட்ட வேண்டும். நேராக வெட்டி ஒட்டினால் சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று கேட்கும். சாய்த்து வெட்ட வேண்டும். அந்த அகலத்து டேப்புக்காக எங்கெங்கோ அலைந்து பழைய ஸ்பூல்கள் சேர்த்தார். தொண்ணூற்றெட்டில் மோட்டார் இறுகி, சூடேறி, சுருள் கருகிப்போனது. மதுரையில் ஒரு மாதம் தேடி அதே அளவில் வேறு மோட்டார் பிடித்தார். ஹெட்டுகள் தேய்ந்தபோது, செத்துப்போன இன்னொரு மெஷினை வாங்கி அதிலிருந்து எடுத்து மாட்டினார். ரப்பர் ரோலரை, அச்சகத்துக்கு ரோலர் போடுகிற ஒருவரிடம் கெஞ்சி வார்த்து வாங்கினார். கடைசியில் நவாஸ் கொடுத்ததில் மிஞ்சியது பெட்டியும், ஹெட்டுகள் பொருந்தும் தகடும், ஆம்ப்ளிஃபயர் போர்டும், முன்னால் எரிகிற சிவப்பு பல்பும்தான்.

நவாஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, ஒரு மணி நேரம் வாசிப்பார். கூட வந்தவர்களிடம், "என் மெஷின் எப்படி இருக்கு பாத்தியா?" என்பார். டீ குடிப்பார், போவார். என் மெஷின். ஒவ்வொரு தடவையும் இமானுவேல் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்படிச் சிரித்த சிரிப்பெல்லாம் உள்ளே தங்கிப் புளித்துப்போனது யாருக்குத் தெரியும்?

கழற்றிய சாமானை எறியக் கூடாது என்பது அவர் தொழிலில் வைத்திருந்த சட்டம். கேட்டால் 'இந்தா உன் பழையது' என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால், நல்லதை உருவிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிட்டான் என்று ஊர் பேசும். ஆகவே நவாஸ் மெஷினிலிருந்து கழன்ற ஒவ்வொன்றும், தேதி எழுதிய தாளில் சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. வாய்ஸ் மெசேஜை மூன்றாவது தடவை கேட்டு முடித்ததும், இமானுவேல் பரணிலிருந்து அந்த டப்பாவை இறக்கினார்.

ஜெயசுதா சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தபோது மெஷின் திறந்து கிடந்தது. நல்ல மோட்டார் கழன்று மேசையில் இருந்தது. கருகிய மோட்டார் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அவள் இருபது வருடம் கடையில் உட்கார்ந்து பார்த்தவள். எது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் தன் நியாயத்தைச் சொன்னார். அமானிதம் என்றால் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. நவாஸ் கொடுத்த மோட்டார் இது, ஹெட் இது, ரோலர் இது. ஒரு ஸ்க்ரூ குறையாமல் போகிறது. மற்றதெல்லாம் தன் வேர்வை. அதைக் கொடு என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை.

ஜெயசுதா அவர் கையைப் பார்த்தாள். "குடுத்ததையே குடுக்கிறதுன்னா, அந்த ஹெட்டுல இருக்க துருவை எதுக்குத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்குறீங்க?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு வேணும் பாய்னு வாயைத் தொறந்து கேட்டாத்தான் என்ன?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவுகளுக்காத் தெரிய வேணாமா?"

"அவுக என்ன சோசியமா பாக்குறாக?" என்றாள். சாப்பாட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஃபஸீலா வந்தாள். நவாஸின் ஒரே மகள், ராமநாதபுரத்தில் டீச்சர். கையில் ஒரு தூக்குச் சட்டி நிறையத் தொதல் அல்வா. வாப்பா தானே அடுப்பருகில் உட்கார்ந்து கிண்டச் சொல்லி வாங்கிக் கொடுத்துவிட்டது என்றாள். ஊருக்கு வந்த கையோடு முழங்காலில் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான் ஆகிறதாம். காரில் ஏறி இறங்கக் கூடாதாம். "இல்லாட்டி அவுங்களேதான் வந்திருப்பாங்க மாமா. ரெண்டு நாளா உங்க பேச்சுதான். போன்ல பேசுனாலே தொண்டை அடைக்குதுன்னு மெசேஜ் போட்டுட்டு வச்சுட்டாங்க."

இமானுவேல் தூக்குச் சட்டியை வாங்கி மெஷின் பக்கத்தில் வைத்தார். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, நாளைக்கு நானே கொண்டுவருகிறேன் என்றால் முடிந்தது. ஆனால் ஸ்க்ரூ எல்லாம் முறுக்கியாகிவிட்டது. மனுஷனுடைய வீம்புக்கு அது போதும்.

ஓட்டிக் காட்டச் சொன்னாள் ஃபஸீலா. அவர் கரண்டு சரியில்லை என்று ஏதோ சொன்னார். பிறகு, பேச்சு அங்கேயே நிற்காமல் இருப்பதற்காக, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இது ஜப்பான் மெஷினு. நம்ம கரண்டை நேராக் குடுத்தா மோட்டார் கருகிப்போகும். இதுலதான் சொருகணும்னு வாப்பாட்டக் கண்டிப்பாச் சொல்லு தாயி." சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்த மோட்டார் ஏற்கெனவே கருகியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து போன் வரும் வரும் என்று காத்திருந்தார். பதிலும் தயார். 'நீங்க குடுத்ததைத்தான் பாய் குடுத்தேன்.' குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். மிக்சியைக் கழற்றும்போது சொல்லிப் பார்த்தார். நவாஸ் கோபத்தில் கத்த வேண்டும், தான் நிதானமாக இதைச் சொல்ல வேண்டும், முப்பத்திரண்டு வருட உழைப்பு அப்போதாவது அந்த ஆளுக்கு உறைக்க வேண்டும். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. போன் வரவில்லை.

மிச்சமிருந்த நல்ல சாமான்களை ஒரு பலகையில் பொருத்திப் பார்த்தார். மோட்டார் சுற்றியது, ஆனால் டேப் தன் இடத்தில் நிற்கவில்லை. நூலளவு பிசகினாலும் ஹெட்டை விட்டு டேப் இறங்கிவிடும். அந்தப் பிசகில்லாத தகடு நவாஸ் பெட்டிக்குள் இருந்தது. திருவிழா வந்தது. வெறும் கிடாரோடு வாசித்தார். வலை உலர்த்துகிறவர்கள் வலை உலர்த்திக்கொண்டே இருந்தார்கள். மேடையை விட்டு இறங்கும்போது, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஊரில் அவருக்கு இருந்த ஒரே மரியாதையை அவரே ஸ்க்ரூடிரைவரால் கழற்றி ஒரு காரில் ஏற்றி அனுப்பிவிட்டார். யாரை நோவது?

ஒன்றரை மாதம் கழித்து ஃபஸீலா கூப்பிட்டாள். வாப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், வர முடியுமா என்றாள். குரலில் கோபம் இல்லை. இமானுவேல் ராமநாதபுரம் போய், கீழக்கரை பஸ் மாறி, வழி முழுக்கத் தன் பதிலை மென்றுகொண்டு போனார்.

நவாஸ் முற்றத்துப் பக்கம் ஒரு நாற்காலியில் இருந்தார். முழங்கால் கட்டு அவிழ்த்தாகிவிட்டது, ஆனால் ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்து ஸ்டூலில் மெஷின், மேலே ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தி. இமானுவேலைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுரு இமானு. இத்தனை வருசம் அமானிதத்தை நீ காப்பாத்துன. நான் ஒரே நாள்ல எரிச்சுப்புட்டேன்."

இமானுவேல் மென்றுகொண்டு வந்த பதில் கோபக்காரன் ஒருவனுக்காகத் தயாரித்தது.

நவாஸ் மெதுவாகச் சொன்னார். மெஷின் வந்த அன்றைக்கே ஆசையாகப் போட்டாராம். பல்பு எரிந்தது, டேப் சுற்றவில்லை. திறந்து பார்த்தால் மோட்டார் கரிக்கட்டை. "ஸ்டெப் டவுன்ல சொருகுனதாத்தான் எனக்கு ஞாபகம். சத்தியமாச் சொல்லுவேன். ஆனா மோட்டார் கருகிக் கெடக்கே. அப்ப என் ஞாபகம்தானே பொய்?" நேராகச் சொருகிவிட்டு மறந்திருக்கிறேன் என்றார். உனக்கு எந்த முகத்தோடு போன் போடுவது என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்றார்.

டீ வாங்க உள்ளே போன இமானுவேலிடம் மீதியை ஃபஸீலா சொன்னாள். அந்த நாளிலிருந்து வாப்பாவுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. வீட்டிலும் பயந்துவிட்டார்கள். அடுப்புப் பக்கம் விடுவதில்லை, தனியாகப் பள்ளிவாசலுக்குக்கூட அனுப்புவதில்லை. மாத்திரையை எண்ணி அவள்தான் கொடுக்கிறாள். மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் மதுரையில் நாள் வாங்கியிருக்கிறது. "முன்னாடின்னா சண்டை போடுவாங்க மாமா. இப்ப எதைச் சொன்னாலும், நீ சொன்னாச் சரியா இருக்கும்மாங்கிறாங்க. அதைக் கேக்கத்தான் எனக்குத் தாங்கல."

இமானுவேல் முற்றத்துக்குத் திரும்பி வந்து டீயைக் குடித்தார். ஒரு வரி போதும். 'பாய், அது தொண்ணூத்தெட்டுல கருகுன மோட்டார், நான்தான் மாட்டுனேன்.' நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நவாஸின் மூளை அவரிடம் திரும்பிவிடும். ஆனால் தான் இந்த வீட்டில் இன்னொரு முறை உட்கார முடியாது. அமானிதம் காத்த மனுஷன் என்று இந்த உலகத்தில் அவரைச் சொல்ல இருந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

நவாஸ் துண்டை எடுத்துவிட்டு மெஷினை அவர் பக்கம் நகர்த்தினார். "எடுத்துட்டுப் போ. இது இனி உன்னுது. உள்ள இருக்க சாமானாவது உனக்கு உதவட்டும். எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. நல்லாப் பிரிச்சுப் பாத்துட்டு, நான்தான் எரிச்சேனான்னு சொல்லு. டாக்டர்ட்டப் போறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும். நீ சொன்னா நம்புவேன்."

பஸ்ஸில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத பொருள், கேட்காமலே வந்து மடியில் உட்கார்ந்திருந்தது. பாம்பன் பாலத்தில் ஏறியபோது கடலில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. போடவில்லை. இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதை நினைத்துத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் திறந்தார். ஹெட்டுகளை நவாஸ் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார். பஞ்சு இழை ஒட்டிக் கிடந்தது. டேப் புதிது. பழைய ஸ்பூல் ஏதோ தேடி எடுத்து, மறக்காமல் சாய்த்து வெட்டி ஒட்டியிருந்தார். சிவப்பு பல்பு ஒழுங்காக எரிந்தது. நேராகக் கரண்டு பாய்ந்திருந்தால் முதலில் செத்திருப்பது அந்த பல்புதான். நவாஸ் ஸ்டெப் டவுனில்தான் சொருகியிருக்கிறார். அந்த மனிதரின் ஞாபகத்தில் ஒரு பழுதும் இல்லை.

நல்ல மோட்டாரையும் ஹெட்டுகளையும் ரோலரையும் அதனதன் இடத்தில் மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சுவிட்சைப் போட்டதும் டேப் சுற்றியது. கிடாரை எடுத்து ஒரு தடவை மீட்டினார். பழைய சத்தம், அதே அசைவு. ஜெயசுதா கடை வாசலில் வந்து நின்றாள். நேற்றே அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்.

"போனைப் போடுங்க. சொல்லிருங்க. அவுக பைத்தியமில்லைன்னு அவுகளுக்குத் தெரியட்டும்."

அவர் போடுவதற்குள் அதுவாக அடித்தது. நவாஸ்தான். இமானுவேல் மெஷினை அவசரமாக நிறுத்தினார்.

"பிரிச்சுப் பாத்தியா இமானு?"

"பாத்தேன் பாய்."

"நான்தானா?"

ஜெயசுதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் கருகிய மோட்டார் கிடந்தது. இமானுவேல் அதைத் திருப்பி வைத்தார், மறுபடி திருப்பினார்.

"ஆமா பாய். கரண்டு நேராப் போயிருக்கு."

"சரி இமானு. மனசு கேக்காம வீட்டுல எல்லாரும் மழுப்புறாங்க. நீ ஒருத்தன்தான் உள்ளதைச் சொன்ன. நான் டாக்டர்ட்டப் போறேன்." வைத்துவிட்டார்.

இமானுவேல் போனை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது ஜெயசுதா வாசலில் இல்லை.